திரும்ப இறக்காதை மச்சான்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. அம்மாவின்ர கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சது பெரிய ஆறுதல். நீ ஊர்ப் பெடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்கிறாய் எண்டு வாசிச்ச உடன இதை எழுதவேணும் போல இருந்தது.

போன மாசம் மகள் பள்ளிக்கூட ரக்பியில விழுந்து தலை நிலத்தில அடிபட்டது. மயங்கேல்லை, உடன எழும்பிட்டாள். ஆனா ஸ்கோர் என்னெண்டு மூண்டு தரம் கேட்டவளாம். கோச் அந்த இடத்திலயே வெளியில எடுத்திட்டார். அவள் அழுதாள். எனக்கும் அப்ப அது கொஞ்சம் கூடிப்போச்சு எண்டுதான் பட்டது.

பிறகுதான் டொக்டர் விளங்கப்படுத்தினார். அது கன்கஷனாம், அடிபட்டு மூளை குலுங்கிற காயம்; அது வந்தாக்களில கனபேர் மயங்கிறதே இல்லை, ஸ்கானிலயும் அது தெரியாது. மூளை ஆற முன்னம் இன்னொருக்கா அடிபட்டா, அதுவும் வளர்ற பிள்ளையளுக்கு, கட்டுக்கடங்காமல் வீங்கலாமாம். ஒட்டாவாவில ரோவன் ஸ்ட்ரிங்கர் எண்ட 17 வயசுப் பிள்ளை 2013 மே மாசம் அப்பிடித்தான் செத்துப்போனது. ரக்பி அணித் தலைவி. ஒரு கிழமைக்குள்ள மூண்டு தரம் தலையில அடி. தனக்குக் கன்கஷனோ எண்டு கூகிளில தேடியிருக்குது, சிநேகிதப் பிள்ளையளுக்கும் எழுதியிருக்குது. பெரியாக்களுக்குச் சொல்லேல்லை. அதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை இல்லை. 2018 இல எங்கட ஒன்டாரியோ மாகாணத்தில அந்தப் பிள்ளையின்ர பேரிலயே சட்டம் வந்தது: சந்தேகம் வந்தாலே வெளியில எடுக்கவேணும், டொக்டர் பாத்துச் சொல்லாமல் திரும்ப விளையாட விடேலாது.

மச்சான், அந்த இறுதி மச்சில கோல் போஸ்டில தலை அடிபட்டு நான் விழுந்தது ஞாபகமோ? முகத்தில தண்ணி அடிச்சு, சோடா தந்து திரும்ப இறக்கினவை. இரண்டாம் பாதி எனக்கு இண்டைக்கும் ஞாபகத்தில இல்லை. வெண்டதே நீ சொல்லித்தான் தெரியும். அதை வீரம் எண்டெல்லோ இவ்வளவு காலமும் கதைச்சனாங்கள்!

உன்ர பெடியளில ஒருத்தனுக்குத் தலையில அடிபட்டா, எழும்பி நிண்டாலும் அண்டைக்கு இறக்காதை. சத்தி எடுத்தா, தலையிடி கூடிக்கொண்டு போனா, நித்திரையால எழுப்பக் கஷ்டமெண்டா நேர ஆசுப்பத்திரி. தனிய வீட்டை அனுப்பாதை. பிள்ளையள் தாங்களாச் சொல்லாதுகள். பக்கத்தில விளையாடுறவனிட்டையும், கண்டா உன்னட்டைச் சொல்லச் சொல்லி வை.

மகள் முதல் ரெண்டு நாளும் வீட்டில ஓய்வு, பிறகு மெல்ல மெல்லப் பள்ளிக்கூடம். நேற்றுத்தான் முதல் தரம் ஓடினாள். தலையிடி வரேல்லை.

உன்ர பெடியளுக்கு எத்தினை வயசு? அமெரிக்காவில 2015 இல 10 வயசும் அதுக்குக் கீழயும் உள்ள பிள்ளையள் பந்தைத் தலையால அடிக்கிறதை நிப்பாட்டிட்டினம். உன்ரை சின்னாக்களெண்டா நீயும் அதைப் பழக்காதை. மறக்காமல் பதில் போடு.

உன்ர
பழைய கோல்கீப்பர்