மரத்தில் ஏறுபவரின் கயிறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உயரமான மரத்தில் கிளை வெட்டும் ஒரு தொழிலாளியின் படத்தை அண்மையில் தங்கள் இதழில் பார்த்தேன். அவருடைய துணிச்சலைப் பாராட்டி ஒரு வரியும் இருந்தது. இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தன் காலுக்குக் கீழே இருந்த கிளையில் கட்டியிருந்தார். கயிற்றில் தொங்கி மரவேலை செய்வதுதான் எனக்கும் பிழைப்பு. அந்தக் கயிறு அவரைக் காப்பாற்றாது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கால் வழுக்கினால் முதலில் அந்தக் கிளையைத் தாண்டிக் கயிற்றின் நீளம் முழுக்கக் கீழே விழுவார். அப்புறம்தான் கயிறு பிடிக்கும். மரவேலைக் கயிறு அதிகம் நீண்டு கொடுக்காது. அதனால் விழுந்த வேகம் மொத்தமும் ஒரே வெட்டில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும். பிறகு அந்தச் சுருக்கு விலாவுக்கு ஏறி மூச்சை அடைக்கும். கயிறு கட்டும் இடம் தலைக்கு மேலே இருக்க வேண்டும், கயிறு தொய்யக் கூடாது, உடல் எடையைத் தொடையும் இடுப்பும் சேர்ந்து தாங்கும்படி ஹார்னஸ் என்னும் வார்ப்பட்டைக் கச்சை அணிந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் தரையை விட்டுக் காலெடுக்க மாட்டேன்.

ஆள் ஏறுவதற்கு முன்பே கயிற்றை மேலே கொண்டுபோக முடியும். மெல்லிய நூல்கயிற்றின் நுனியில் கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடைப்பையைக் கட்டி, கிளை பிரியும் உறுதியான கவைக்கு மேலாக வீசுகிறோம். பை மறுபக்கம் இறங்கியதும், ஏறும் கயிற்றை அந்த நூலில் இணைத்து இழுத்துக்கொள்ளலாம். பிறகு இருவர் சேர்ந்து தொங்கிப் பார்க்க வேண்டும். காய்ந்த கிளையும் காளான் முளைத்த மரமும் வேண்டவே வேண்டாம்.

கயிறு கவையின் மேல் ஓடி இரு பக்கமும் எடையைப் பகிர்ந்துகொள்ளும் முறையில், 1 மீட்டர் ஏற 2 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஒற்றைக் கயிற்றை நிலையாகக் கட்டி ஏறுவது உயர்ந்த மரங்களில் சுலபம். ஆனால் அதன் மறுமுனையை அடிமரத்தில் கட்டினால், 70 கிலோ ஆள் தொங்கும்போது மேலே இருக்கும் கவையில் ஏறத்தாழ 140 கிலோ இறங்கும். ஆள் ஒரு பக்கம் இழுக்க, அவரைத் தாங்கும் கயிறு மறுபக்கம் அதே அளவு இழுக்கிறது. அனுபவசாலிகள்கூட இதை எளிதில் ஏற்பதில்லை.

ஆளை வழியிலேயே நிறுத்திப் பிடிப்பது உராய்வு முடிச்சு, அதாவது ஏறும் கயிற்றைச் சுற்றிப் போட்டு, எடை விழுந்ததும் இறுகிக்கொள்ளும் முடிச்சு. எங்களில் பலர் முதலில் கற்பது பிளேக் முடிச்சு. ஹைன்ஸ் புரோஹாஸ்கா 1981-லேயே அதை வெளியிட்டிருந்தார். ஜேசன் பிளேக் என்ற மரத்தொழிலாளி தானாகவே அதைக் கண்டுபிடித்து 1994-இல் ஒரு மரத்தொழில் இதழுக்கு எழுதிய கடிதம் வழியாகத்தான் அது எங்கள் தொழிலுக்குள் பரவியது. பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். நைலான், பாலியெஸ்டர் கயிறுகள் உராய்வுச் சூட்டில் உருகும் என்பதால், முடிச்சைத் தளர்த்திச் சரசரவென்று இறங்கக் கூடாது.

காலில் இரும்பு முள் பூட்டி ஏறுவது வெட்டி அகற்றப்போகும் மரத்துக்கு மட்டும்தான். உயிரோடு நிற்க வேண்டிய மரத்தில் ஒவ்வொரு குத்தும் பட்டைக்கு அடியில் வளரும் திசுவைக் காயப்படுத்தி, நோய்க்கு வழி திறக்கிறது.

செயின் ரம்பத்தை எடுத்தால் இரண்டாவது பிடிப்பு கட்டாயம். விறைப்பாக இருக்கும் கயிற்றில் ரம்பம் லேசாகப் பட்டாலே போதும், அறுந்துவிடும். அதனால் மரத்தைச் சுற்றி லேன்யார்டு என்னும் குட்டையான பிடிப்புக் கயிறு ஒன்றையும் போட்டு, இரு இடங்களில் பிடிப்போடு நின்ற பிறகே அறுக்க வேண்டும்.

மரவேலைக்கு ஆள் அழைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீழே நிற்பவருக்கும் ஏறத் தெரியுமா, அவரிடம் தனியாகக் கயிறும் ஹார்னஸும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நினைவிழந்து ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கும். சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். உதவி வண்டி வந்து சேரும்வரை அவரால் காத்திருக்க முடியாது. கீழே இருப்பவருக்கு ஏறத் தெரியாது என்றால் அன்றைக்கு வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
மரவேலைத் தொழிலாளி ஒருவர்