பிரஷர் குக்கர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

பாலிடெக்னிக்கில் பொருளறிவியல் கற்பிக்கும் நான் வகுப்புக்கு முதலில் எடுத்துச் செல்வது ஒரு பழைய குக்கரைத்தான். அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கைப்பிடியில் இருக்கும் பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், ரப்பர், சேஃப்டி வால்வில் இருக்கும் எளிதில் உருகும் உலோகக் கலவை என இத்தனை பொருள்களை ஒரே பாத்திரத்தில் காட்ட முடிவது வசதி. ஆனால் இவற்றில் எது எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதை நான் வாங்கிய எந்தக் குக்கரின் பெட்டியிலும் கண்டதில்லை. லிட்டர் கணக்கும் உத்தரவாத ஆண்டும் மட்டுமே பெரிய எழுத்தில் இருக்கின்றன.

அடிப்பகுதியையே எடுத்துக்கொள்வோம். அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் பாத்திரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடச் சுமார் பதினைந்து மடங்கு அதிகம். ஆயினும் அதன் மேல் இயல்பாகப் படியும் ஆக்சைடு படலத்தைப் புளி கரைத்துவிடும். ஸ்டீலுக்குப் புளியால் கெடுதல் இல்லை, ஆனால் தீ படும் இடத்திலேயே சூடு தங்கிப் பருப்பு அடிப்பிடிக்கும். இதற்காகத்தான் ஸ்டீலுக்கு அடியில் அலுமினியத் தட்டை வைத்து நீங்கள் 'சாண்ட்விச் பாட்டம்' என்கிறீர்கள். அந்தத் தட்டு எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதையும், அது விளிம்பு வரை போகிறதா என்பதையும் சொல்லுங்கள். தட்டு முடியும் இடத்தில் சோறு வளையமாகக் கருகுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் மதிப்பு தெரியும்.

இன்னொன்று: காந்தம் ஒட்டினால் மட்டமான ஸ்டீல் என்று பாத்திரக் கடைகளில் இன்றும் நம்புகிறார்கள். இண்டக்ஷன் அடுப்புக்கோ காந்தம் ஒட்டும் அடிப்பகுதிதான் வேண்டும். அதற்காகவே நீங்கள் காந்தம் ஒட்டும் 430 ரக ஸ்டீலை அடியின் வெளிப்புறம் சேர்க்கிறீர்கள். பெட்டியில் ஒரு வரி போட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

கைப்பிடிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லியோ பேக்லாண்ட் 1907இல் உருவாக்கிய பேக்கலைட் சூட்டில் இளகாது, வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. ஆனால் நொறுங்கும் இயல்புடையது. எங்கள் வீட்டுக் குக்கரின் கைப்பிடி ஆடியபோது திருகை இறுக்கினேன். மறு வாரம் துளையிலிருந்து மயிரிழை போன்ற விரிசல் ஓடியிருந்தது. கழற்றிப் பார்த்தால் திருகின் தலை பேக்கலைட்டின் மீது நேரடியாக அழுந்தியிருந்தது. நடுவே ஓர் உலோக வாஷர் இருந்திருந்தால் அழுத்தம் பரவியிருக்கும். ஆவி நிறைந்த பாத்திரத்தைத் தூக்கும் கைப்பிடியில் ஒரு வாஷருக்கான செலவை மிச்சப்படுத்துவது எனக்குப் புரியவில்லை.

கேஸ்கட்டுக்கு வருகிறேன். உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸில் நைட்ரைல் ரப்பர் நாளடைவில் இறுகிப்போகும். சிலிகான் சூட்டை நன்றாகத் தாங்கினாலும் கீறல் விழுந்தால் எளிதில் கிழியும். குக்கர்களுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2347 தரக்குறியீடு கட்டாயமாக்கப்பட்ட பிறகும், பழைய கேஸ்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அளவு தேடிக் கடை கடையாக அலைகிறோம். மூடியின் உட்புறத்தில் கேஸ்கட்டின் விட்டத்தையும் அது எந்த ரப்பர் என்பதையும் பொறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தாளில் அச்சிட்டால் பெட்டியோடு போய்விடும், மூடியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர்