பழைய காரின் குளிரும் உன் காரின் சூடும்

கிளிநொச்சி
2025 ஓகஸ்ட்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தபோது இங்கே சிறுபோக அறுவடை தொடங்கியிருந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இந்த முறை கைவிடவில்லை. வயல் வேலை ஓயட்டும், ஆறுதலாக எழுதுவோம் என்று வைத்திருந்தேன். அத்துடன், நீ எழுதிய ஹீற்றர் விஷயத்துக்கு அரைகுறையாகப் பதில் எழுத மனம் வரவில்லை. கடந்த குளிர்காலம் முழுவதும் உன் கார் வெதுவெதுப்புக்கு மேல் சூடு தரவில்லை, திருத்துவதற்குக் கேட்கும் காசுக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம் என்று நொந்து எழுதியிருந்தாய். உனக்கு டொரொண்டோவில் சூடு வராத காலத்தில் எனக்கு இங்கே காரின் ஏசியில் குளிர் வராமல் போனது. இரண்டு கோளாறும் ஒரே பெட்டிக்குள் இருக்கக்கூடும் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் விளக்கமாக எழுதப் போகிறேன்.

அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) கூடிவிட்டது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அடிக்கடி கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. ஏ9 வீதியில் மணல் டிப்பர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் கண்ணாடியைத் திறக்க முடியாது. மூடினால் உள்ளே அவிந்துபோவோம். ஆனையிறவு தாண்டும்போது சோளகக் காற்று உப்பையும் வெக்கையையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். அம்மா வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டா. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருப்பா. அதைக் காணப் பொறுக்காமல்தான் இந்த ஏசியை எப்படியாவது சரியாக்கிவிட வேண்டும் என்று இறங்கினேன்.

காரை மாற்றலாமே என்று நீ கேட்பாய். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள், தனியார் வாகனங்களுக்கு இந்த ஆண்டு பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. புதியவை இப்போது வந்தாலும் வரியோடு சேர்ந்த விலை என் ஓய்வூதியத்துக்கு எட்டாது. என் டொயோட்டா கரினா 1998இல் ஜப்பானில் செய்தது. எஞ்சின் இன்னும் நல்ல சுகத்தோடு இருக்கிறது. அதை ஏன் கைவிட வேண்டும்?

கோளாறு இப்படித்தான் தொடங்கியது. இருபத்திரண்டு பாகை என்று வைத்தால் கொஞ்ச நேரம் குளிர்ந்த காற்று வரும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் சூடாகிவிடும். ஏசி வேலை செய்யும் ஓரிடத்தில் காட்டினேன். காஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பிவிட்டார்கள். சில நாட்கள் சற்றுக் குளிர்ந்தது, பிறகு பழையபடியே ஆனது. திரும்பப் போனபோது மறுபடியும் காஸ்தான். கடைசியில் காஸை அழுத்தித் தள்ளும் கொம்பிரசரையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஏசியின் காஸ் எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகியும் திரவமாகியும் அதுவே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுக்கைத் தேடாமல் மேலே மேலே நிரப்புவது வேலை அல்ல, வாடிக்கையாளனின் காசைக் காற்றில் விடுவது. வெளியேறுவதும் சாதாரணக் காற்று அல்ல. இந்த ஆர்-134ஏ காஸ், எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. முன்பு கார் ஏசிகளில் இருந்த ஆர்-12 காஸ் ஓசோன் படலத்தைத் தின்றதால்தான் 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி அதைக் கைவிட்டு இதற்கு வந்தார்கள்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் ஒரு தம்பி சிறிய கராஜ் வைத்திருக்கிறார். தகரக் கொட்டில், பக்கத்தில் ஒரு பாலை மரம், வெளியே பெயர்ப்பலகைகூட இல்லை. அங்கே கொண்டு போனேன். அவர் காஸ் மானியைக் கையில் எடுக்கவே இல்லை. எஞ்சினை ஓட விட்டு, ஏசியைப் போடச் சொல்லி, பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டுக்குள் போகும் இரண்டு அலுமினியக் குழாய்களையும் விரல்களால் தொட்டார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். மெல்லிய குழாய் இளஞ்சூடாக இருந்தது. பருத்த குழாய் சில்லென்று, மேலெல்லாம் நீர் துளிர்த்து இருந்தது.

“சேர், குளிர் உள்ளே போகிறது. உங்களிடம் வந்து சேரவில்லை. காஸ் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் உங்கள் காரின் வருத்தம் அது இல்லை.”

இத்தனை பேர் பார்த்தும் ஒருவரும் அந்தக் குழாயைத் தொடவில்லை, மச்சான். கொம்பிரசர் செத்திருந்தால் அந்தக் குழாய் வியர்க்குமா?

நமக்குப் பள்ளியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் எழுதுகிறேன். தானியங்கி ஏசி உள்ள காரில் டாஷ்போட்டின் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் இரண்டு கொயில்கள். ஒன்று ஏசியின் குளிர்க்கொயில். மற்றது எஞ்சினின் கொதிநீர் ஓடும் ஹீற்றர் கொயில். விசிறி தள்ளும் காற்று முதலில் குளிர்க்கொயிலைத் தாண்டும். அதில் எவ்வளவு ஹீற்றர் கொயிலின் வழியாகப் போக வேண்டும் என்பதை நடுவிலிருக்கும் ஒரு கதவு தீர்மானிக்கும். அந்தக் கதவைத் திருப்புவது கைக்குள் அடங்கும் ஒரு சிறிய மோட்டார். நீ இருபத்திரண்டு என்று வைத்தால், உள்ளறை வெப்பம், வெளி வெப்பம், வெயில் எல்லாவற்றையும் உணரிகளால் அறிந்து, கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தக் கதவை ஓரிடத்தில் நிறுத்தும். கதவு சூட்டுப் பக்கம் இறுகிவிட்டால், பெட்டியின் ஒரு பாதி குளிரவைத்த காற்றை மறுபாதி சூடாக்கி அனுப்பும். எனக்கு நடந்தது அதுதான்.

அதைத் தம்பி ஊகத்தில் சொல்லவில்லை, காரிடமே கேட்டார். டொயோட்டாவின் தானியங்கி ஏசிகள் பலவற்றில் தன்னைத் தானே சோதிக்கும் வசதியை அந்தக் காலத்திலேயே வைத்திருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ‘ஓட்டோ’ பொத்தானையும் உட்காற்றுச் சுழலும் பொத்தானையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்ப வேண்டும். எல்லா விளக்குகளும் நான்கு தடவை மின்னும். பிறகு வெப்பநிலை தெரியும் இடத்தில் இலக்கங்கள் வரும். 00 வந்தால் குறையில்லை. 11 என்றால் உள்ளறை உணரி, 12 வெளி உணரி, 13 குளிர்க்கொயிலின் உணரி. எனக்கு 21உம் 41உம் வந்தன. 21 வெயில் உணரியின் இலக்கம். அவர் அதைப் பொருட்படுத்தாமல், வேலைக்கு நின்ற பொடியனைக் கூப்பிட்டுக் காரைக் கொட்டிலுக்கு வெளியே தள்ளச் சொன்னார். வெயிலில் நிறுத்தித் திரும்பச் சோதித்தபோது 21 மறைந்துவிட்டது. இருட்டில் நின்றால் அந்த இலக்கம் வரத்தான் செய்யுமாம். எஞ்சியது 41. கதவை அசைக்கக் கட்டளை போகிறது, கதவின் நிலை மாறவில்லை என்பது அதன் பொருள்.

இத்தனை ஆண்டுகளாகக் கார் தன் நோயைச் சொல்லத் தயாராக இருந்திருக்கிறது. காசு வாங்கியவர்கள் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

டாஷ்போட்டின் அடியில் தலையை விட்டு, மல்லாந்து படுத்தபடியே அந்த மோட்டாரைக் கழற்றினார். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் வைத்துப் பிரித்தார். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் பற்சில்லுகள், கதவின் நிலையை அறிவிக்கும் கறுப்புக் கரித்தடம் ஒன்று, அதன்மேல் உரசும் செப்பு விரல்கள். ஆதியில் பூசிய கிரீஸ் காய்ந்து மெழுகாகி, கரித்தூளோடு கலந்து, தடத்தை மூடியிருந்தது. பற்கள் ஒன்றுகூட உடையவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தார். தேய்ந்த செப்பு விரல்களை மயிரிழை அளவுக்கு வளைத்துக் கொடுத்தார். புதிய கிரீஸைப் பற்களுக்கு மட்டும் தொட்டு வைத்தார். பிறகு மின்தடை அளக்கும் மீற்றரை வைத்து, பற்சில்லைக் கையால் சுற்றச் சுற்ற அளவு ஒரே சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய மோட்டார் ஒன்றை எடுப்பிக்கலாமா என்று கேட்டேன். “அதுவும் இதே வயதுதானே சேர், அதற்குள்ளும் இதே கிரீஸ்தான் காய்ந்து கிடக்கும்” என்றார்.

அதோடு விடவில்லை. உள்ளறை உணரிக்குக் காற்றை இழுக்கும் சிறு குழாய் தூசியால் அடைபட்டிருந்ததைச் சுத்தமாக்கினார். அந்த உணரி சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. 25 பாகையில் 1.7 கிலோஓம் அளவுக்கு நிற்க வேண்டும், நின்றது. பிறகுதான் காஸ் பக்கம் போனார். நைதரசன் ஏற்றிச் சோப்பு நுரை தடவியதும், முன்னால் நின்று காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சரின் மூட்டு ஒன்றில் நுரை மெல்லக் குமிழ்விட்டது. ஒழுக்கு அங்கேதான். கல்லுப்போல் இறுகிய றப்பர் வளையம் ஒன்று. அதை மாற்றி, அரை மணித்தியாலத்துக்கு மேல் வெற்றிடப் பம்பை ஓட விட்டு, முள் அசையாமல் நிற்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்து, தராசில் நிறுத்துக் காஸ் போட்டார். பொனட்டின் கீழ் ஒட்டிய தாளில் எழுதிய அளவுக்கு ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவு கூடினால் அழுத்தம் ஏறிக் கொம்பிரசர் கெடும். முன்பு நிரப்பியவர்கள் தராசையே தொட்டதில்லை.

இன்னொன்று. மழைக்காலம் முதல் முன்னிருக்கைக் கால்விரிப்பு நனைந்து மணத்துக்கொண்டிருந்தது. குளிர்க்கொயிலில் ஊறும் நீர் கீழே வடியும் குழாயைக் கம்பியால் துழாவினார். பொலுபொலுவென்று காய்ந்த மண் கொட்டியது. குளவி கூடு கட்டியிருக்கிறது! எந்த நிறுவனத்தின் கைநூலிலும் வன்னிக் குளவியைப் பற்றி எழுதியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு பொறுமை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். மாமாவின் கராஜில், மண்ணெண்ணெய்க் காலத்தில் என்றார். உனக்கும் அந்தக் காலம் மறந்திருக்காது. 1990க்குப் பிறகு யுத்தத்தால் பெட்ரோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, பற்றரிகூட இல்லை. கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோமே. உன் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கார் வெண்புகையைக் கக்கிக்கொண்டு முறிகண்டியில் வந்து நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்து, சூடு ஆறும்வரை காத்திருப்போம். மாற்றுவதற்கு எதுவும் கிடைக்காத ஊரில் வளர்ந்தவர்கள், ஒரு பொருள் ஏன் நின்றது என்று அறியாமல் அதை எறிய மாட்டார்கள். அந்த ஏ40 முள்ளிவாய்க்கால் வரை வந்தது. அங்கே விட்டுவிட்டு வந்த ஆயிரக்கணக்கான வாகனங்களோடு அதுவும் போய்விட்டது. அப்பா அதைப் பற்றிக் கடைசிவரை பேசவில்லை என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய். தம்பியின் கொட்டிலில் நின்றபோது அவரைத்தான் நினைத்தேன். அவர் இருந்திருந்தால் அந்த மோட்டாரைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார்.

இனி உன் காருக்கு வருகிறேன். பனி தொடங்குமுன் இதைச் செய்து பார். முதலில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் நீரின் மட்டத்தைப் பார். குறைந்திருந்தால் ஹீற்றருக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் ஹீற்றருக்குப் போகும் இரண்டு றப்பர் குழாய்களையும் கவனமாகத் தொட்டுப் பார். கொதிநீர் ஓடும், கையைச் சுட்டுக்கொள்ளாதே. விசிறிப் பட்டிக்குக் கிட்டக் கையைக் கொண்டு போகவும் வேண்டாம். இரண்டும் நல்ல சூடாக இருந்தும் உள்ளே சூடு வரவில்லையென்றால், என்னுடையதைப் போலக் கதவோ அதன் மோட்டாரோதான். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் ஹீற்றர் கொயில் அடைத்திருக்கலாம், அல்லது அதற்கு நீர் விடும் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே இளஞ்சூடென்றால் எஞ்சின் நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாற் திறந்தபடி நின்றுவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். அது மலிவான சாமான். இதைப் பார்க்காமல் டாஷ்போட் முழுவதையும் கழற்ற யாருக்கும் சம்மதம் கொடுக்காதே.

ஊர்ச் செய்தி கொஞ்சம். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்த்தே தீர வேண்டும் என்று நின்றா. சனக்கூட்டத்தில் தூசி கிளம்பியும், திரும்பி வரும்போது கண்ணாடியை மூடிக்கொண்டு ஒட்டுசுட்டான் வரை நித்திரையாகவே வந்தா. பக்கத்து வளவில் புதிதாகக் கிணறு வெட்டுகிறார்கள். நம்மோடு படித்தவர்களில் இருவர் மாங்குளத்துப் பக்கம் காணி திருத்தி மரமுந்திரிகை வைத்திருக்கிறார்கள். உன் மகளின் படிப்பு எப்படிப் போகிறது? அவளுடைய தமிழ்க் கடிதத்தை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டா.

அடுத்த கடிதத்தில் உன் காரின் பெயர், செய்த ஆண்டு, குழாய்களைத் தொட்டபோது கண்டது மூன்றையும் எழுது. தம்பியிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன். அவருக்கு இங்கே அந்த வளையங்கள் தட்டுப்பாடாம். ஆர்-134ஏக்குப் பொருந்தும் பச்சை நிற றப்பர் வளையங்கள் பல அளவுகளில் ஒரு பெட்டியாக அங்கே கிடைக்குமென்றால், ஊருக்கு வரும் யாரிடமாவது ஒன்று கொடுத்துவிடு. காசு நான் தருவேன், அதில் வாதம் வேண்டாம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்