கத்தியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

2005-ல் இரண்டே மாத இடைவெளியில் சந்திரமுகியும் அந்நியனும் வந்தன. இரண்டையும் தியேட்டரில் விசிலடித்துப் பார்த்தவன் நான். பிரகாஷ்ராஜ் விசாரிக்கிற காட்சியில் விக்ரம் நொடிக்கு நொடி அம்பியாகவும் அந்நியனாகவும் மாறுவாரே, அது இப்போது டிவியில் வந்தாலும் ரிமோட்டைத் தொட மாட்டேன். நடிப்பில் குறையே இல்லை. என் வருத்தம் அதற்கப்புறம் நடந்ததில்தான்.

அந்தப் படங்களில் காட்டுகிற, ஒரே ஆளுக்குள் பல ஆளுமைகள் மாறி மாறி வருகிற நோய் என் தோழி ஒருத்திக்கு இருப்பதாக டாக்டர் சொன்னதும், அவள் வீட்டில் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரியில கத்தியெல்லாம் எடுத்து ஒளிச்சு வெக்கணுமா?"

அவள் யாரையும் கிள்ளியதுகூட இல்லை. கைப்பையில் திண்டிவனம் போய்வந்த பஸ் டிக்கெட் இருக்கும், எதற்குப் போனாள் என்று தெரியாது. நான்கு மணிக்கு டீ போட்டது ஞாபகம் இருக்கும், அடுத்த ஞாபகம் எட்டு மணி, அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும், வைத்தது யார்? அவள்தான். கண் சிவக்காது, முடி முகத்தில் வந்து விழாது, குரல் மாறினாலும் ஜலதோஷம் என்றுதான் நினைப்போம். பக்கத்து சீட்டில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை, ஏனென்றால் "மறந்துட்டேன்பா" என்று சிரித்துச் சமாளிப்பதில் அவள் அவ்வளவு கெட்டிக்காரி.

பூட்டிய அறையைத் திறந்து பழைய நகையைப் போட்டுப் பார்ப்பதால் இது வருவதில்லை. பெரும்பாலும் சின்ன வயதில் திரும்பத் திரும்ப நடந்த கொடுமை, அதிலிருந்து தப்பிக்க அந்தக் குழந்தையின் மனசு கண்டுபிடித்த வழி. குணமாக ஒரு ராத்திரி பூஜையும் ஒரு பொம்மையை எரிப்பதும் போதாது, வருடக்கணக்கில் உட்கார்ந்து பேச வேண்டும், இதற்கென்று தனியாக மாத்திரையும் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1994-லேயே 'மல்டிபிள் பெர்சனாலிட்டி' என்ற பெயரைக் கைவிட்டு 'டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்' என்று மாற்றிவிட்டார்கள். நம் படங்களில் இன்னும் பழைய பெயர்தான், போதாக்குறைக்கு மனச்சிதைவு என்கிற ஸ்கிசோஃப்ரீனியாவையும் இதையும் ஒரே குழம்பாகக் கலக்கிவிடுகிறீர்கள், அது வேறு நோய் சார்.

கொலை இல்லாவிட்டால் சஸ்பென்ஸுக்கு எங்கே போவது என்பீர்கள். அந்தத் திண்டிவனம் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்களேன். தன்னையே துப்பறிய வேண்டிய ஒருத்தி, கிடைக்கிற தடயமெல்லாம் அவள் கையெழுத்தில்.

இப்படி ஒரு படம் வந்தால் பார்ப்பாயா என்று அவளிடம் கேட்டேன்.

"பாட்டு நல்லா இருந்தா," என்றாள்.