எடைமேடைத் திரையும் ஐகாரக் கொம்பும்

தர்மபுரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு மாசம் ஆச்சு. பதில் போடாதது தப்புதான், மன்னிச்சுடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு? பெரியவர் இன்னும் அந்த நீலச் சட்டையை விடலையா?

மாங்காய் சீசனுக்குள் மண்டி எடைமேடைக்குப் பாஸ்கல் மொழியில் திரை போடணும், பழைய மெஷின், லினக்ஸ், அதனால் லசாரஸ் (பாஸ்கலுக்கான முழு நிரல் கருவி) வேண்டாம், கோப்பு பெரிதாகிவிடும், எஃப்பி-ஜியுஐ (திரை வரையும் பாஸ்கல் லைப்ரரி) போதும் என்று எழுதியிருந்தாய். பாதி சரி.

எஃப்பி-ஜியுஐ பொத்தான், பெட்டி எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும். ஜிடிகே, க்யூடி மாதிரி வேறு திரை லைப்ரரி எதுவும் மெஷினில் இருக்க வேண்டியதில்லை. அதன் யுஐ டிசைனரில் வரைந்தால் லசாரஸ் மாதிரித் திரை வடிவத்துக்கென்று தனி எல்எஃப்எம் கோப்பு வராது. யூனிட் என்கிற பாஸ்கல் கோப்புக்குள்ளேயே, சாளரம் உருவானதும் ஓடும் ஆஃப்டர்கிரியேட்டில், விஎஃப்டி என்று தொடங்கும் இரண்டு கமெண்ட் குறிகளுக்கு நடுவில் பாஸ்கல் வரிகளாக வந்து உட்காரும். பெட்டிக்கு ஒரு செட்பொசிஷன்: இடது, மேல், அகலம், உயரம். பெட்டியை 8 பிக்ஸல் நகர்த்தினால், கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்' கருவியில் பார்த்தால் அந்த ஒரு வரிதான் மாறும். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அந்தக் குறிகளுக்கு நடுவில் கை வைக்காதே. எங்கே இடம் கண்டாலும் ஒரு இஃப் சொருகுகிற ஆள் நீ! டிசைனரில் அடுத்த முறை சேமிக்கும்போது அந்தப் பகுதி முழுக்கத் திரும்ப எழுதப்படும். ஆன்கிளிக் (பொத்தானை அழுத்தினால் எது ஓடணும் என்பது) மாதிரி வரிகளைப் பண்புச் சாளரத்தில் இருக்கும் 'அன்நோன் லைன்ஸ்' பெட்டியில் போடு, அப்படியே காப்பாற்றி வைக்கும். டைமர், எடை வந்து சேரும் சீரியல் போர்ட் திறப்பதெல்லாம் முடிவுக் குறிக்குக் கீழே, அதே ஆஃப்டர்கிரியேட்டுக்குள். எடை வரும்வரை பொத்தான் நிகழ்விலேயே காத்திருந்து படித்தால் திரை உறைந்துவிடும். 200 மில்லி விநாடிக்கு ஒரு தரம் டைமரில், வந்த பைட்டுகளை மட்டும் எடு. வியாபாரி பெயர்ப் பெட்டிக்கு ஆங்கரில் (சாளரத்தின் எந்த ஓரங்களோடு பெட்டி ஒட்டி நிற்கணும் என்ற அமைப்பு) இடது, வலது இரண்டும் வை. இடது மட்டும் இருந்தால் சாளரத்தைப் பெரிதாக்கும்போது பெட்டி நீளாது.

இப்போது நிஜமான கவலை. லினக்ஸில் எஃப்பி-ஜியுஐ எழுத்தை எக்ஸ்எஃப்டி என்கிற லைப்ரரி வழியாக வரைகிறது. எக்ஸ்எஃப்டிக்கு எழுத்தைக் கோக்க, அதாவது மெய்யையும் குறியையும் சரியான இடத்தில் சேர்த்து வைக்க, தெரியாது. யூனிகோடில் வருகிற வரிசையிலேயே ஒவ்வொரு வடிவத்தையும் வைத்துக்கொண்டு போகும். யூனிகோடில் மெய் முதலில், குறி பிறகு. அதனால் 'எடை'யில் ட-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு பின்னால் போய் நிற்கும். உன் திரையில் மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை என்று எல்லா லேபிளிலும் அந்தச் சொல் இருக்கிறது! 'பெங்களூரா' என்ற மாங்காய் ரகப் பெயரின் ஒற்றைக் கொம்பும் அதே கதிதான். ஃபான்ட்டை மாற்றினால் தீராது, கோளாறு ஃபான்ட்டில் இல்லை.

விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே விண்டோஸின் வரையும் பகுதியான ஜிடிஐ, தமிழை யூனிஸ்கிரைப் என்கிற எழுத்துக் கோக்கும் லைப்ரரி மூலம் கோத்துத் தரும். அதனால்தான் உன் வீட்டு மெஷினில் சரியாக வந்து மண்டியில் உடையும்.

லேபிளை ஆங்கிலத்தில் போட்டுவிடலாம் என்று மட்டும் சொல்லாதே. பர்கூரிலிருந்து டிராக்டரில் மாங்காய் கொண்டுவருகிறவர் தன் நிகர எடையைத் தானே படித்துத் தெரிந்துகொள்ளணும். அதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆகவே மண்டியில் லினக்ஸ்தான் என்றால் லசாரஸுக்கே போ, ஜிடிகே2 வைத்து. அதில் பாங்கோ என்கிற எழுத்து லைப்ரரி தமிழைச் சரியாகக் கோக்கும். கோப்பு பெரிது என்று நீ பயப்படுவது பெரும்பாலும் பிழை தேட உதவும் டீபக் தகவலின் கனம். மைனஸ் எக்ஸ்எஸ் (-Xs) என்ற கம்பைலர் விருப்பத்தைக் கொடுத்துக் கம்பைல் பண்ணினால் அது கழன்றுவிடும். மெஷினில் ஜிடிகே2 லைப்ரரி மட்டும் இருக்கணும். விண்டோஸ் என்றால் நீ வரைந்ததே போதும், தொடாதே.

முதலில் ஒரே ஒரு லேபிளில் 'மொத்த எடை' என்று போட்டு மண்டி மெஷினில் ஓட்டிப் பார். என்ன தெரிகிறதோ அதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு. யூனிட் கோப்பையும் சேர்த்து அனுப்பு, ஆங்கரை நான் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே