போவா சீனியருக்கு ஒரு வரி போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அழியும் மொழிகள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், அந்தமானின் போவா சீனியருக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருந்தது: போ மொழி பேசிய கடைசிப் பெண்மணி, 2010 ஜனவரி 26 அன்று காலமானார். இந்தத் தீவில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அதைப் படித்து மனசு ஆறவில்லை.

இறந்தபோது அவருக்கு 85 வயது இருக்கும். பெற்றோர் போன பிறகு பல பத்தாண்டுகள் அவரோடு போ மொழியில் பேச ஆளே இல்லை. அக்கம்பக்கத்தில் பேசுவதற்காகவே அந்தமான் இந்தியைக் கற்றுக்கொண்டார். அவர் பேச்சைப் பதிவு செய்த மொழியியலாளர் அன்விதா அப்பி, போவா பறவைகளிடம் தன் மொழியில் பேசிக்கொண்டிருப்பார் என்று சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அதைக் கிறுக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். போவாவின் இனமான கிரேட் அந்தமானியர் என்ற பழங்குடியினருக்குப் பறவைகள் முன்னோர்கள். பேசுவதற்கு மனுஷர் இல்லாதபோது அவர் தன் உறவுகளிடம்தான் பேசினார்.

இது தானாக வந்த அழிவும் அல்ல. 1858இல் வெள்ளைக்காரர்கள் கைதிகளோடு வந்து இறங்கியபோது, இந்தப் பழங்குடியினர் பத்துக் குழுக்களாக சுமார் 5,000 பேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். துப்பாக்கிச் சூடு, மேகநோய், 1877இல் தட்டம்மை. 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 19 பேர். பிறகு அவர்களை ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தினார்கள். மிச்சமிருந்த மொழிகள் ஒன்றோடொன்று கலந்தன, பிள்ளைகள் வாயில் இந்தி வந்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த நமக்கு இங்கே தமிழ்வழி வகுப்பு உண்டு. நான் அதில்தான் பாடம் நடத்தினேன், சம்பளம் வாங்கினேன். வங்காளிகளுக்கும் தெலுங்கர்களுக்கும்கூட அவரவர் மொழியில் உண்டு. மண்ணுக்குச் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் மட்டும் அடுத்தவர் மொழியில் அ, ஆ படித்தார்கள்.

2020 ஏப்ரலில், இதே இனத்தின் சாரே மொழியைப் பேசிய கடைசிப் பெண்மணி லிச்சோ காலமானார், அவரோடு அந்த மொழியும் போயிற்று. ஆனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அப்பி தொகுத்த அகராதி இருக்கிறது. போவாவின் பாட்டும் பேச்சும் ஒலிப்பதிவில் இருக்கின்றன. பறவைப் பெயர்களையே தனியாகத் திரட்டி வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

அடுத்து எழுதும்போது, அந்த அகராதியும் ஒலிப்பதிவும் ஸ்ட்ரெயிட் தீவுப் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று அதிகாரிகளிடம் கேட்டு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்)