கட்டிலைத் திருப்பிப் போட்டவர்களுக்கு

ஜெருசலேம் புனித லூயி பிரெஞ்சு மருத்துவமனையின் சிஸ்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சமையலறையில் இருப்பவர்களுக்கும்,

எனக்குத் தெரிந்த ஹீப்ருவில் சொல்ல முடிந்ததை அங்கேயே சொல்லிவிட்டேன். மீதி தமிழில்தான் வரும். என்னைப்போல இஸ்ரேலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நம் ஊர்க்காரர்களும் படிக்கட்டும்.

நான் பார்த்துக்கொண்ட யூதப் பாட்டியைச் சேர்க்கக் கத்தோலிக்க மருத்துவமனை என்றதும் அவர் மகன் தயங்கினார். காரணம் இருந்தது. பாட்டி சரித்திர டீச்சர். உங்கள் மருத்துவமனைக்குப் பெயர் தந்தவரும் நம் சபை புனிதராக வணங்குபவருமான பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியின் காலத்தில்தான், 1242-இல், பாரிஸில் யூதர்களின் மத விதி நூலான தல்மூத்தின் ஏடுகளை வண்டி வண்டியாக எரித்தார்கள். உங்கள் சுவர்களிலோ, மருத்துவமனையைக் கட்டிய பிரெஞ்சுப் பிரபு தெ பியெல்லா வரைந்த சிலுவைப்போர் வீரர்கள். 1099-இல் ஜெருசலேமுக்குள் புகுந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் கொன்ற படை அது. நமக்கு அழகான பழைய ஓவியம்; பாட்டிக்கு அப்படி இல்லை.

நான் குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கப் பெண். என் கழுத்துச் சிலுவையைக் கழற்றும்படி பாட்டி சொன்னதே இல்லை. ஆனால் கதவு வழியே தெரிந்த சிலுவைக்கு நேராக அவரால் ஜெபம் சொல்ல முடியவில்லை. ஜெபத்தில் தலைகுனியும் இடங்கள் வரும். சிலுவைக்கு எதிரே குனிந்ததாக ஆகிவிடக் கூடாது என்பது அவர்கள் மத விதியிலேயே இருக்கிறது. பாதியில் நிறுத்திவிடுவார். "அவர்கள் வீட்டில் வந்து படுத்திருக்கிறோம், எதுவும் சொல்லாதே" என்று என்னையும் அடக்கிவிட்டார்.

சிஸ்டர், யாரும் சொல்லாமலே நீங்கள் கவனித்தீர்கள். அது வெறும் படம்தானே, பார்க்காமல் இருங்கள் என்று தேற்றப் பார்க்கவில்லை. எது சங்கடமாக இருக்கிறது என்று அவரையே கேட்டீர்கள். சிலுவையை எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டீர்கள்; பாட்டிதான் பதறிப்போய் வேண்டாம் என்றார். அப்புறம் அந்த முஸ்லிம் நர்ஸ் தம்பி வழி சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பழைய நகரத்து மதில், அதற்கு அப்பால் யூதர்களின் பழைய ஆலயம் இருந்த கோயில் மலை. இந்த ஊர் யூதர்கள் அந்தத் திசையைப் பார்த்துத்தானே ஜெபிக்கிறார்கள், கட்டிலைத் திருப்பிவிடலாம் என்றார். ஆக்சிஜன் குழாய் எட்டவில்லை. வேறு குழாய் கொண்டுவந்து மாட்டித் திருப்பினீர்கள். அன்று பாட்டி முழு ஜெபமும் சொன்னார்.

கோஷர் என்ற யூத உணவு விதி ஒன்றுகூடத் தவறாமல் சமைத்துத் தந்தவர்களே, அந்தச் சூப்பை மட்டும் அவர் கடைசிவரை ஒதுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் வந்து பாடிய பிள்ளைகளுக்கும் நன்றி.

உயிர் பிரிந்ததும் எங்கள் ஊரில் கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றுவோம். நீங்கள் கைகளை உடலோடு ஒட்டி நேராக வைத்தீர்கள். அடக்கம் செய்யும் யூதச் சங்கத்துக்குப் போன் போட்டுவிட்டு, அவர்கள் வரும்வரை பாட்டியைத் தனியாக விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். எங்களில் யாரும் கேட்கவேயில்லை.

துக்க வாரம் முடிந்ததும் பாட்டியின் மகனும் நானும் வருகிறோம். உங்களிடம் நேரில் பேச வேண்டும் என்கிறார் அவர்.

அன்புடன்,
பாட்டியைப் பார்த்துக்கொண்டவள்